வசந்த் பெண்பித்தனா, வெறும் வாய்ப்பேச்சா? கணேஷ்-வசந்த் மறுவாசிப்பு

பைண்டிங்_பாபு
மூன்று வாரமாக ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் சுஜாதாவின் கணேஷ்-வசந்த் துப்பறியும் கதைகளை மட்டும் வரிசையாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். ‘நைலான் கயிறு’ தொடங்கி இதுவரை பதினோரு கதை ஆயிற்று. சின்ன வயதில் கையில் கிடைத்த வரிசையில் படித்ததால் தெரியாமல் போன ஒன்று இப்போது தெரிகிறது. அதைப் பேசத்தான் இந்த இழை.

எல்லோருக்கும் தெரிந்த கணக்கு இது: வக்கீல் கணேஷ் மூளை, அவன் ஜூனியர் வசந்த் ஜொள்ளு. கட்சிக்காரர் பெண்ணாக இருந்தால் வசந்த் நாற்காலியைத் துடைத்துப் போடுவான், கணேஷ் முறைப்பான், வசந்த் “பாஸ்” என்று இழுப்பான். ஆனால் 1968-ல் குமுதத்தில் ‘நைலான் கயிறு’ வந்தபோது வசந்தே கிடையாது. கணேஷ் தனி ஆள். ‘அனிதா இளம் மனைவி’யிலும் தனி ஆள்தான், டெல்லியில் வக்கீல். சுஜாதாவும் சிவில் ஏவியேஷன் வேலையில் டெல்லியில் இருந்தவர்தானே. அந்தக் கணேஷைக் கவனித்துப் பாருங்கள். அழகான பெண் எதிரே உட்கார்ந்தால் அவனுக்கும் கவனம் சிதறுகிறது. பார்க்கிறான், வர்ணிக்கிறான், தடுமாறுகிறான்.

‘பிரியா’வில் வசந்த் வந்து சேர்கிறான். அப்புறம் கணேஷ் கொஞ்சம் கொஞ்சமாகச் சாமியாராகிவிடுகிறான்.

என் கட்சி இதுதான்: வசந்த் புதிதாகப் பிறந்த ஆள் இல்லை. கணேஷை இரண்டாகப் பிளந்து, பார்க்கிற பாதிக்கு ‘வசந்த்’ என்று பெயர் வைத்திருக்கிறார். அடிவாங்காமல் பார்க்கலாம், முறைக்க ஒரு பாஸ் இருக்கிறார் என்ற ஏற்பாடு.

---

ரயில்_வாசகன்
செங்கல்பட்டு லோக்கலில் நின்றுகொண்டே படித்துவிட்டேன். பிளந்தது சரி. ஆனால் ஏன் பிளந்தார் என்பதற்கு என் காரணம் வேறு: வேகம்.

தனியாக இருக்கும் துப்பறிவாளன் யோசித்தால் எழுத்தாளர் அதைப் பத்தி பத்தியாகச் சொல்லியாக வேண்டும். “அவன் எண்ணினான், அவனுக்குப் பொறி தட்டியது” என்று. இரண்டு பேர் இருந்தால் யோசனை பேச்சாகிவிடும். பேச்சு என்றால் சுஜாதாவைப் பிடிக்க முடியாது. ‘என்றான்’, ‘என்றாள்’ எல்லாவற்றையும் கழற்றி எறிந்துவிடுவார். நாலு வரி தள்ளியும் யார் பேசுகிறார்கள் என்று நமக்குக் குழம்பாது, ஏனென்றால் ஒருவன் மட்டும்தான் “பாஸ்” என்பான். அந்த ஒரு வார்த்தை அரைப் பக்கத்தை மிச்சப்படுத்துகிறது.

படியில் ‘இறங்கினான்’ என்பதை எழுத்து எழுத்தாகக் கீழே இறக்கி அச்சிட்ட மனிதர் அவர். பக்கத்தில் எவ்வளவு இடம் போகிறது என்ற கணக்கு அவருக்கு எப்போதும் இருந்தது.

---

மூன்லைட்_முருகு
வேகம் என்றால் எங்கள் பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத்-சுசீலா துப்பறியும் ஜோடியை விட்டுவிட்டுப் பேசுவது அநியாயம். மூன்லைட் ஏஜென்சிக்குள் சுசீலா என்ன வாசகம் போட்ட டீ-ஷர்ட்டோடு நுழைகிறாள் என்று பார்ப்பதற்காகவே மாத நாவல் வாங்கினவன் நான்.

---

நூலகத்_தேனீ
முருகு அண்ணா, அந்த டீ-ஷர்ட்டுக்குத் தனி இழை போடுங்கள், வந்து சண்டை போடுகிறேன். இப்போது பாபு சாருக்கு.

நீங்கள் சொல்வது அழகாக இருக்கிறது. ஆனால் பிளந்த பாதிகள் இரண்டும் ஆண்கள். பார்க்கப்படுகிறவள் எந்தப் பாதியிலும் இல்லை.

பதின்மூன்று வயதில் வாடகை நூலகத்தில் அம்மாவின் கணக்கில் எடுத்துப் படித்தேன். அப்போது எனக்குக் கணேஷாக வேண்டும் என்று ஆசை. கவனிக்கவும், கணேஷின் காதலியாக இல்லை, கணேஷாக. சேம்பர், கேஸ் கட்டு, ஒரு வார்த்தையில் எதிராளியை மடக்குவது. ஆனால் ஒவ்வொரு கதையிலும் என்னைப் போன்ற ஒருத்தி அந்த அறைக்குள் நுழையும்போது, அவள் பெயருக்கு முன்னால் அவள் சேலை வந்துவிடும், சேலைக்கு முன்னால் சேலை எங்கே விலகியிருக்கிறது என்பது வந்துவிடும். அவள் வந்த காரியம் நாலாவது வரியில்தான். இதை வசந்த் தலையில் மட்டும் கட்ட முடியாது. அவன் வாய் திறப்பதற்கு முன்பே கதைசொல்லி பார்த்து முடித்திருப்பார்.

இன்னொன்று. வசந்த் விளையாட்டுப் பையன், தீங்கில்லாதவன் என்பார்கள். கதைக்குள் அவன் தீங்கில்லாதவன் என்று எழுத்தாளர் உத்தரவாதம் தருகிறார். வெளியே யாரும் தருவதில்லை. நான் முதலில் வேலைக்குச் சேர்ந்த இடத்தில் ஒருவர் இருந்தார். தினம் ஒரு வசந்த் வசனம். முறைக்கிற பாஸ் இல்லை, சிரிக்கிற பாஸ் இருந்தார். எட்டு மாதத்தில் விலகிவிட்டேன்.

---

பைண்டிங்_பாபு
தேனீ, இதற்கு உடனே பதில் சொன்னால் அது வாதமாகத்தான் இருக்கும். இரண்டு கதையின் தொடக்கத்தைத் திரும்பப் படித்துவிட்டு வருகிறேன்.

---

கறுப்பு_கோட்டு
தொழில்முறைக் குறுக்கீடு. இருபத்திரண்டு வருடமாக உயர் நீதிமன்றத்தைச் சுற்றி வருகிறவன். கணேஷின் ஆபீஸ் இருக்கும் அதே தம்பு செட்டித் தெருவில் ஜூனியராக நாலு வருடம் குப்பை கொட்டியிருக்கிறேன்.

முதலில் அந்தத் தெருவைப் பற்றி. காளிகாம்பாள் கோயில் அங்கேதான். வெள்ளிக்கிழமை என்றால் பூக்கடை, எலுமிச்சை, செருப்பு விடுகிற கூட்டம் எல்லாவற்றையும் தாண்டி, மாடிப்படியில் ஆள் ஒதுங்கி வழிவிட்டுத்தான் சேம்பருக்குப் போக வேண்டும். எங்கள் அறையில் மூன்று மேஜை, ஐந்து பேர். நாடா கட்டிய கேஸ் கட்டுகள் ஜன்னல் கம்பி வரை அடுக்கியிருக்கும், மழை வந்தால் கட்டைக் காப்பாற்றுவதா ஆளைக் காப்பாற்றுவதா என்று போட்டி. அழகான பணக்காரி தனியாக வந்து “என்னைக் கொல்லப் பார்க்கிறார்கள்” என்று சொன்ன நாள் அந்த நாலு வருடத்தில் ஒன்றுகூட இல்லை. வந்தவர்கள் எல்லாம் வாடகைக்காரர் காலி செய்ய மாட்டேன் என்கிறார், செக் திரும்பிவிட்டது, தம்பி கையெழுத்துப் போட மறுக்கிறான். அவ்வளவுதான்.

அப்புறம் சட்டம். வசந்த் பிணத்தைப் பார்த்துவிடுகிறான், பல கதைகளில் முதல் ஆளாக. சினிமாவுக்கு நல்லது, வக்காலத்துக்கு ஆகாது. தான் சாட்சியாக வேண்டியிருக்கும் என்று நம்பக் காரணம் இருக்கிற வழக்கை வக்கீல் எடுக்கக்கூடாது என்பது பார் கவுன்சில் விதி. பிணத்தைக் கண்டுபிடித்தவன் நம்பர் ஒன் சாட்சி. ஆக, வசந்த் கதவைத் திறந்த நிமிஷமே அவனால் அந்தக் கேஸில் ஆஜராக முடியாது. கூண்டில்தான் ஏற முடியும். எதிர்த்தரப்பு வக்கீல் அவனைக் குறுக்கு விசாரணை செய்கிற அத்தியாயத்தை யாராவது எழுதியிருந்தால் தலைகீழாக நின்று படித்திருப்பேன்.

ஆனால் ஒன்றைப் பாராட்ட வேண்டும். கட்சிக்காரர் சொன்னதை வெளியே சொல்லக்கூடாது என்ற கடமை, பழைய சாட்சியச் சட்டத்தின் 126-வது பிரிவு, அதை வைத்து நல்ல சிக்கல்களைக் கட்டலாம். போலீஸ் துப்பறிவாளனுக்கு இல்லாத சிக்கல் இது. உண்மை தெரியும், ஆனால் சொல்ல முடியாது. வக்கீலை நாயகனாக்கினால் கிடைக்கிற பெரிய லாபம் இதுதான். வாதாடுவதெல்லாம் அப்புறம்.

---

இப்பத்தான்_வந்தேன்
எனக்கு வயது 20. கிழக்கு பதிப்பில் நாலு புத்தகம்தான் படித்திருக்கிறேன். ஒரு சந்தேகம்: வக்கீல் கதை என்கிறீர்கள், ஆனால் கோர்ட்டே ரொம்பக் கொஞ்சமாகத்தானே வருகிறது?

---

கறுப்பு_கோட்டு
தம்பி, நல்ல கேள்வி. சுஜாதா படித்தது குரோம்பேட்டை எம்ஐடியில் எலக்ட்ரானிக்ஸ், வேலை பார்த்தது பெங்களூர் பாரத் எலக்ட்ரானிக்ஸில். அங்கே மின்னணு வாக்குப்பதிவு இயந்திர வேலையில் பங்கு உண்டு. கோர்ட் அவருக்கு அன்றாட இடமில்லை. பெரி மேசனை எழுதிய எர்ல் ஸ்டான்லி கார்ட்னரோ நிஜ வக்கீல், கலிபோர்னியாவில் தொழில் நடத்தியவர். 1933-ல் தொடங்கி எண்பதுக்கும் மேற்பட்ட மேசன் நாவல்கள். அந்தக் கதைகளின் உச்சம் பெரும்பாலும் கோர்ட்டில்தான், சாட்சியைக் கேள்வி கேட்டே குற்றவாளியைக் கக்க வைப்பார்.

நம் ஊரில் அப்படிக் கேள்வி கேட்டால் “மனு திருத்தித் தாக்கல் செய்யவும், வாய்தா அடுத்த மாதம்” என்று முடியும். சுஜாதாவுக்கு அது தெரிந்திருக்கிறது. அதனால் கோர்ட்டை ஓரமாக வைத்துவிட்டு ஆளை வெளியே அனுப்பிவிட்டார். வெளியே ஓடுகிறதற்குத்தான் வசந்த்.

---

ரயில்_வாசகன்
பாருங்கள், வக்கீல் சாரும் என் பக்கம். ஓடுகிறதற்குத்தான் வசந்த்!

வேகத்துக்கு இன்னொரு சாட்சி: ‘நில்லுங்கள் ராஜாவே’. ஒருவன் வீட்டுக்கு வருகிறான், வீட்டில் இருப்பவர்களுக்கு அவனை யாரென்றே தெரியவில்லை. இதற்கு மேல் என்ன ஆரம்பம் வேண்டும்? இன்றைக்கு ஓடிடியில் எட்டு எபிசோடில் ஐந்தாவதில் வருகிற திருப்பத்தை அவர் முதல் அத்தியாயத்திலேயே செலவழித்துவிடுகிறார். கையில் மிச்சம் வைக்கிற பழக்கமே இல்லை.

‘ஆ’ இன்னும் மோசம். ஒருவனுக்குக் காதில் குரல்கள் கேட்கின்றன. ஒவ்வொரு அத்தியாயமும் ‘ஆ’ என்றுதான் முடியும். ஆனந்த விகடனில் வாரம் ஒன்றாகப் படித்தவர்களுக்கு அது ஏழு நாள் அவஸ்தை. புத்தகமாக ஒரே மூச்சில் படிக்கிற நமக்கு அடுத்த ‘ஆ’ எப்படி வரப்போகிறது என்று யூகிக்கிற விளையாட்டாகிவிடுகிறது. எனக்கு ஒரு தடவை தாம்பரத்தில் இறங்க மறந்துபோனது இந்த விளையாட்டில்தான்.

---

நெறியாளர்
‘கொலையுதிர் காலம்’ முடிவைப் பேசுகிறவர்கள் முதலில் எச்சரிக்கை போட்டுவிட்டுப் பேசவும். போன இழையில் நடந்தது போதும்.

---

மூன்லைட்_முருகு
சினிமாவில் ஏன் இவர்கள் நிற்கவில்லை என்று யாராவது சொல்லுங்கள். ‘காயத்ரி’யில் (1977) ஜெய்சங்கர் கணேஷ், ரஜினி வில்லன். அடுத்த வருடம் ‘பிரியா’வில் ரஜினியே கணேஷ். ஒரே வருட இடைவெளியில் வில்லன் வக்கீலாகிவிட்டார்! ‘அனிதா இளம் மனைவி’யும் ‘இது எப்படி இருக்கு’ என்று படமானது. மூன்றிலும் ஸ்ரீதேவி. ஆனால் வசந்த் என்று ஒரு முகமும் நினைவில் நிற்கவில்லை.

---

பைண்டிங்_பாபு
முருகு, அங்கேதான் விஷயம் இருக்கிறது. நாவலில் ‘பிரியா’ லண்டனில் நடக்கிறது. படம் சிங்கப்பூருக்குப் போய்விட்டது, அதுகூடப் பரவாயில்லை. ரஜினி கணேஷானவுடன் என்ன ஆகிறது? டூயட் அவருக்கு, சண்டை அவருக்கு, கிண்டலும் அவருக்கு. சினிமாவில் ஒரே ஹீரோ எல்லாவற்றையும் செய்ய வேண்டும். சுஜாதா பிளந்ததைச் சினிமா திரும்ப ஒட்டிவிட்டது. ஒட்டின பிறகு வசந்த்துக்கு அங்கே என்ன வேலை?

இரண்டு நாளாக யோசித்ததைத் தேனீக்கும் இங்கேயே எழுதிவிடுகிறேன். நீங்கள் சொன்னபடி தொடக்கங்களை மட்டும் எடுத்துப் பார்த்தேன். பென்சிலால் கோடு போட்டேன். ஆண் கட்சிக்காரர் நுழைந்தால் முதல் வரியில் தொழில் அல்லது பதற்றம். பெண் நுழைந்தால் உடை. ஒரு விதிவிலக்காவது கிடைக்கும் என்று புரட்டினேன், நான் புரட்டின ஆறு புத்தகத்தில் கிடைக்கவில்லை. ‘பார்க்கிற பாதிக்கு வசந்த் என்று பெயர்’ என்று எழுதியிருந்தேனே, அது தப்பு. பார்வை கதைசொல்லியிடமே இருக்கிறது, வசந்த் அதைச் சத்தமாகப் படிக்கிறவன், அவ்வளவுதான். ஒத்துக்கொள்கிறேன்.

---

நூலகத்_தேனீ
பென்சில் கோடு போட்டுச் சரிபார்த்தவரை இந்தக் குழுவில் முதல் தடவையாகப் பார்க்கிறேன். நன்றி சார்.

இப்போது நான் கொஞ்சம் மறுபக்கம் பேசுகிறேன், பதிலுக்குப் பதிலாக. ‘காயத்ரி’ பெயர் வந்ததால் சொல்கிறேன். மனைவிக்குத் தெரியாமல் படுக்கையறையைப் படம்பிடிக்கிற கணவன். 1977 படம் அது. கையில் கேமராவோடு ஊரே திரிகிற காலத்துக்கு எவ்வளவோ முன்னால், ‘உன் வீட்டுக்குள்ளேயே உன்னைத் திருட முடியும்’ என்ற பயத்தைத் தமிழில் வெகுஜனக் கதையாக்கியது சுஜாதாதான். என் அம்மா அந்தப் படத்தை ஒரே ஒரு தடவை பார்த்தாள். ரொம்ப நாளைக்கு வெளியூர் லாட்ஜில் தங்கினால் கண்ணாடியைத் தொட்டுப் பார்ப்பாள், அதன் பின்னால் ஏதாவது இருக்குமோ என்று. கதையில் கண்ணாடியே இல்லாமலும் இருக்கலாம், அம்மாவின் பயம் அதுவாகவே இடம் தேடிக்கொண்டது.

ஆக, சேலையை வர்ணித்த அதே கைதான் அந்தப் பயத்தையும் எழுதியது. இரண்டையும் சேர்த்துத்தான் நான் வைத்திருக்கிறேன். ஒன்றைக் காட்டி இன்னொன்றைத் தள்ளுபடி செய்யச் சொன்னால் முடியாது.

வசந்த்தைப் பற்றி மட்டும்: அவன் ஜெயிப்பதே இல்லை, கவனித்தீர்களா? ஊரே பெண்பித்தன் என்கிறது. அரிதாக ஏதாவது நெருங்கினால் கதை அதை விழுங்கிவிடுகிறது. அடுத்த தொடரில் பழையபடி பிரம்மச்சாரியாக வந்து நிற்பான். கல்யாணம் ஆகாமல், வயதும் ஏறாமல். பாவமாகக்கூட இருக்கும்.

---

ரயில்_வாசகன்
‘காந்தளூர் வசந்தகுமாரன் கதை’யை மறந்துவிட்டீர்கள். ராஜராஜ சோழன் காலம். இவன் வசந்தகுமாரன், கூடவே கணேச பட்டர். ஆயிரம் வருடம் பின்னால் தள்ளி, குடுமி வைத்து, குதிரையில் ஏற்றியும் குணம் மாறவில்லை. ராஜராஜன் ‘காந்தளூர்ச் சாலை கலமறுத்தருளி’ என்று மெய்க்கீர்த்தியில் கம்பீரமாகப் போட்டுக்கொண்டதற்கு என்ன அர்த்தம் என்று வரலாற்று ஆசிரியர்கள் இன்னமும் இழுத்துக்கொண்டிருக்கிறார்கள், நம்மாள் அங்கேயும் போய்ப் பெண் பின்னால் நிற்கிறான். ஆனால் அதில் அவன் காதல் நிஜக் காதல் மாதிரி இருக்கும். வக்கீல் கோட்டைக் கழற்றினால்தான் காதலிக்க முடிகிறது போல.

---

இப்பத்தான்_வந்தேன்
மெக்சிகோ சலவைக்காரி ஜோக் என்ன என்று யாராவது முழுசாகச் சொல்வீர்களா? நாலு புத்தகத்திலும் வசந்த் ஆரம்பிக்கிறான், முடிக்க மாட்டேன் என்கிறான். இணையத்தில் தேடினால் ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.

---

கறுப்பு_கோட்டு
126-வது பிரிவு. சொல்ல முடியாது.

---

மூன்லைட்_முருகு
😂😂 தம்பி, ஊரே சுஜாதாவைக் கேட்டது. வாசகர் கேள்வி பதிலில் கேட்டார்கள், கல்லூரி விழா மேடையில் கேட்டார்கள். 2008 பிப்ரவரியில் போய்ச் சேரும்வரை மனுஷன் அச்சில் தரவில்லை. இணையத்தில் இருப்பதெல்லாம் மற்றவர்கள் கைச்சரக்கு.

---

பைண்டிங்_பாபு
(எச்சரிக்கை: ‘கொலையுதிர் காலம்’ பேசப்போகிறேன். படிக்காதவர்கள் தாண்டிப் போகவும்.)

என் ‘பைண்டிங்’ பெயர்க் காரணம் கேட்டுத் தனிச்செய்தியில் இரண்டு பேர் வந்ததால் சொல்கிறேன். எங்கள் வீட்டில் தொடர்கதைகளை வாராவாரம் கிழித்துச் சேர்த்து பைண்ட் செய்கிற வேலை அப்பாவுடையது. மைதா பசை, கோணூசி, காக்கி அட்டை, முதுகில் துணி. ‘கொலையுதிர் காலம்’ குமுதத்தில் வந்தது 1981-ல். எனக்கு அப்போது படிக்கிற வயதில்லை. ஏழெட்டு வருடம் கழித்துப் பரணிலிருந்து இறக்கித்தான் படித்தேன்.

கதை தெரியும்தானே. லீனா, பழைய பங்களா, தோட்டத்தில் ஏதோ தென்படுகிறது. வசந்த் பேய் என்பான், கணேஷ் விஞ்ஞானம் என்பான். கணேஷ் ஹோலோகிராம் என்று ஆரம்பிக்கிற இடத்துக்கு வந்தேன். பக்கத்தைத் திருப்பினால் நடுவில் ஒரு சதுர ஓட்டை. பாதிப் பக்கம் இல்லை. பின்பக்கத்தில் இருந்த விளம்பரக் கூப்பனை அம்மா வெட்டி அனுப்பியிருக்கிறாள். அப்பா அந்த ஓட்டையோடு அப்படியே பைண்ட் செய்திருக்கிறார், பக்கம் குறையக்கூடாது என்று.

லேசர், தகடு, பிம்பம் என்று ஆரம்பித்து அந்தரத்தில் நின்றது. எனக்கு விளக்கம் கிடைக்கவில்லை, பேய் மட்டும் கிடைத்தது. கல்லூரியில் புத்தகமாகப் படிக்கும்வரை அந்தப் பங்களாவில் இருந்தது பேய்தான் என்று சத்தியம் செய்திருப்பேன். நண்பர்கள் எல்லாம் கணேஷ் கட்சி, நான் ஒருவன் வசந்த் கட்சி. சொல்லப்போனால் வசந்த் மேல் எனக்குள்ள பாசத்துக்கே காரணம் அந்தக் கத்தரிக்கோலாக இருக்கும்.

---

நூலகத்_தேனீ
சார், முழுப் பக்கம் இருந்தாலும் உங்கள் கட்சி முழுக்கத் தோற்றிருக்காது. கணேஷ் எல்லாவற்றையும் விளக்கிய பிறகும் சுஜாதா கொஞ்சம் மிச்சம் வைத்துவிட்டுத்தானே முடிக்கிறார்.

---

ரயில்_வாசகன்
பாபு சார், என் பெரியப்பா வீட்டில் அந்த வருடக் குமுதம் கிழிக்காமல் மூட்டையாக இருக்கிறது. கரையான் பாதி தின்றுவிட்டது, மிச்சத்தைப் போன தீபாவளிக்கு நான்தான் அடுக்கி வைத்தேன். ஞாயிற்றுக்கிழமை போகிறேன். எந்த அத்தியாயம் என்று சொல்லுங்கள், போனில் படம் எடுத்து அனுப்புகிறேன்.

---

பைண்டிங்_பாபு
அத்தியாய எண் தனிச்செய்தியில் அனுப்பிவிட்டேன். ஒரு வேண்டுகோள், இரண்டு பக்கத்தையும் எடுங்கள். கதை எனக்கு இப்போது தெரியும், ஓட்டையின் பின்பக்கம்தான் வேண்டும். அம்மாவைக் கேட்டேன், எந்தக் கூப்பன் என்று நினைவில்லையாம். ஏதோ பரிசு என்று போட்டிருந்தது, ஒன்றும் வரவில்லை என்கிறாள்.

---

மூன்லைட்_முருகு
வந்த பரிசுதான் நீங்கள் நாற்பது வருடமாக வைத்திருக்கிற பேய்.

---

ரயில்_வாசகன்
ஞாயிறு மாலை 5.10. மூட்டை கிடைத்தது. அத்தியாயம் கிடைத்தது. சார், இங்கேயும் ஓட்டை. பெரியம்மாவும் வெட்டியிருக்கிறார்கள்.